நூற்று எண்பத்தாறு குழாய்கள்

அத்தியாயம் 9

“அந்தக் கவரைப் பிரிங்க சார். யாரு யாருன்னு எனக்குத் தெரியணும்.”

எதை மட்டும் கேட்கவே கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றே சொல்லி, வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்தும் வாங்கியிருந்தார்களோ, அதை வெண்ணிலா கேட்டுவிட்டாள். காலை ஒன்பதரை மணிக்கு, நின்றபடியே.

செல்வராஜ் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார். ஏரியைப் பார்த்த அவருடைய ஓட்டலின் மாடியில்தான் அறக்கட்டளையின் அலுவலகம். இரண்டு மேசை, ஒரு பிரிண்டர், ஒரு இரும்பு பீரோ. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏரியைச் சுற்றி நடக்கப்போகிறவர்களுக்கான பனியன்கள் சுவரோரம் கட்டுக்கட்டாகக் கிடந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் ‘மலை மக்களுக்காக நடப்போம்’ என்று நீல எழுத்து.

“உக்காரு கண்ணு.”

“நின்னுக்கறேன் சார்.”

பத்து மாதம் முன்பு, காப்பி எடுப்பு ஓய்ந்த மார்ச்சில், தலைச்சோலை, வெள்ளக்கடை, செம்மநத்தம் என்று மலையூர்களில் ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் நூற்று எண்பத்தாறு பேர் புராஸ்டேட் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக ஆளுக்கொரு குழாய் ரத்தம் கொடுத்தார்கள். ஊர் ஊராகப் போய்ப் பேசி அவர்களிடம் சம்மதம் வாங்கியவள் வெண்ணிலா. குழாய் மேல் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எந்த எண் எந்த ஆள் என்கிற பட்டியல் ஒட்டிய கவரில், அந்த பீரோவுக்குள் இருக்கிறது. கீழே நகரத்தில் இருக்கும் ஆராய்ச்சிக்கூடத்துக்கு எண்ணைத் தவிர எதுவும் தெரியாது.

போன வியாழக்கிழமை அங்கிருந்து ஒரு தாள் வந்தது. பிரிண்டரிலிருந்து அதை உருவியவளும் வெண்ணிலாதான். பதினோரு எண்களுக்கு நேரே பி.எஸ்.ஏ. என்கிற புராஸ்டேட் புரதத்தின் அளவு இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு இருந்தது. அந்தப் பதினோரு பேரில் ஒருவர் அவளுடைய அப்பாவாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ஒரு வாரமாக இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் அவள் சாப்பிட்டாள், தூங்கினாள், வேலைக்கு வந்தாள்.

செல்வராஜ் கெட்டவர் இல்லை. அவளுக்கு அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இதற்குள் இரண்டு முறையாவது கத்தித் தீர்த்திருப்பாள். சேலத்திலிருந்து மளிகைக் கடை வைக்க மேலே வந்த குடும்பம். இன்றைக்கு இந்த ஓட்டல், ஒரு எஸ்டேட். தன் அண்ணன் இறந்த பிறகு ஊரில் இருக்கும் ஓட்டல்காரர்களையும் கடைக்காரர்களையும் சேர்த்து அறக்கட்டளையைத் தொடங்கினார். கல்லாவுக்குக் கல்லா ஒரு உண்டியல், கோடை விழாவில் ஒரு ஸ்டால், தை மாதம் ஏரி நடை. வருவது அத்தனையும் ஆராய்ச்சிக்குப் போய்விடும். அதிலிருந்து ஒரு டீகூட அவர் வாங்கிக் குடித்ததில்லை.

இப்போதும் அவர் நிதானமாகத்தான் பேசினார். அந்தப் பரிசோதனை, நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகச் செய்ததில்லை என்றார். வயதானாலே அந்த அளவு ஏறும், நீர் போகிற வழியில் கிருமி இருந்தாலும் ஏறும், பதினோரு பேரில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே புற்று என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். உயிர்வேதியியல் படித்தவளுக்கு இதெல்லாம் தெரியாததா? அவள் புற்று யாருக்கு என்று கேட்கவில்லை. எண் யாருடையது என்றுதான் கேட்டாள்.

செல்வராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எங்க அண்ணனுக்கும் இப்படி ஒரு நம்பர்தான் சொன்னாங்க. அடுத்த மாசமே அறுத்தாங்க. அப்புறம் ஆறு வருசம் துணி வச்சுக்கிட்டுத்தான் நடமாடுனாரு. கல்யாணம் காட்சிக்கு வரமாட்டாரு. பஸ்ல ஏறமாட்டாரு. கடைசில மாரடைப்புல போனாரு கண்ணு, புத்துநோய்ல இல்ல. அந்தக் கட்டிய அப்படியே உட்டிருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்காதுன்னு பின்னாடி ஒரு டாக்டர் சொன்னாரு. எதை அறுக்கணும், எதை உடணும்னு தெரிஞ்சுக்கத்தான் இந்த ஆராய்ச்சியே. அது தெரியறதுக்கு முன்னாடி பதினோரு பேர்த்தப் போயி மிரட்டச் சொல்றியா?”

அவளுக்கு இது புதிது. அண்ணன் புற்றுநோயில் போனதால்தான் தம்பி அறக்கட்டளை தொடங்கினார் என்று ஏற்காடே நினைத்துக்கொண்டிருந்தது.  

“உங்க அண்ணனுக்குச் சொன்னாங்க சார். அறுக்கறதா உடறதான்னு அவரு முடிவு பண்ணாரு. தப்பான முடிவாவே இருக்கட்டும். எங்காளுங்களுக்கு அந்தத் தப்பப் பண்றதுக்குக்கூட நீங்க வழி வைக்கலையே.”

 அவள் தொடர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை சேருவதில் கொஞ்சம் எடுத்து, ஒரு சிறுநீரக டாக்டரை மாதம் ஒருநாள் மேலே வரவழைக்க முடியாதா என்று கேட்டாள். முடியாது என்றார். ஆராய்ச்சிக்கென்று சொல்லி வாங்கியதை வைத்தியத்துக்குத் திருப்பினால் கொடுத்தவனுக்கு என்ன பதில் சொல்வது, அறக்கட்டளையின் பத்திரத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது என்றார்.

“பனியன்ல மலை மக்களுக்காகன்னு எழுதியிருக்கே சார்.”

“அவங்களுக்காகத்தான். இனி வரப்போறவங்களுக்கு.”

“ரத்தம் குடுத்தவங்க?”

செல்வராஜ் டீயைக் கையில் எடுத்தார். குடிக்காமல் மறுபடி வைத்தார். அப்போதுதான் மேசை மேலிருந்த சம்மதப் படிவம் அவள் கண்ணில் பட்டது. நான்கு பக்கம். நூற்று எண்பத்தாறு முறை அவள் கையால் நீட்டிய தாள். எடுத்து மூன்றாம் பக்கத்தைத் திருப்பினாள். ஏழாவது பத்தி: ரத்தம் கொடுத்தவர் விரும்பினால், எழுத்து மூலம் கேட்டு, தம்முடைய மாதிரியைப் பற்றிய விவரத்தைப் பெறலாம்.

இந்தப் பத்தியை அவள் ஒருவருக்கும் படித்துக் காட்டியதில்லை.

காரணம் இருந்தது. இரண்டாம் பக்கம் முடிவதற்குள் ஆட்கள் எழுந்துவிடுவார்கள். மாட்டை அவிழ்க்கணும், கூலிக்கு நேரமாச்சு என்பார்கள். முக்கியமானதை மட்டும் சொல்லு, போதும் என்று கூட வந்த மேற்பார்வையாளரும் சொல்லியிருந்தார். எது முக்கியம் என்று அவள்தான் தீர்மானித்தாள். வீட்டிலேயே முதல் பட்டதாரி. அவள் தீர்மானித்தால் சரியாகத்தான் இருக்கும் என்று அத்தனை பேரும் நம்பினார்கள்.

“இதுபடி கேட்டா குடுத்துருவீங்களா?” என்றாள்.

அவர் படிவத்தைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

“அவங்கவங்க எழுதிக் கேட்டா, அவங்கவங்க நம்பரக் குடுத்துத்தான் ஆவணும். பத்து மாசமா ஒருத்தரும் கேக்கல.”

“ஒருத்தருக்கும் தெரியாது சார். நான் சொல்லல.”

“அதுக்காக இப்ப நீ ஊர் ஊராப் போயி கேளுங்க கேளுங்கன்னு சொல்லிக் குடுக்கக் கூடாது கண்ணு. டிரஸ்ட் கமிட்டி ஒத்துக்காது. நீ இங்க வேலையில இருக்க முடியாது. அடுத்த வருசம் ஒருத்தன்கூட கைய நீட்டமாட்டான், ஆராய்ச்சி படுத்துரும்.” கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டார். “உங்கப்பாவ ஒரு தாள்ல எழுதித் தரச் சொல்லு. அவரு நம்பர நானே எடுத்துத் தர்றேன். அத்தோட உடு.”

நல்ல மனதோடுதான் சொன்னார். அவளும் அதை நல்ல மனதோடு வாங்கிக்கொண்டுதான் படியிறங்கினாள். அப்பாவின் எண் கிடைத்தால் போதும் என்று அந்த நேரம் உண்மையாகவே தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக அன்று சாயங்காலத்துக்குள் வெட்கப்படப்போகிறாள் என்பது படியிறங்கும்போது தெரியவில்லை.

அவளுடைய ஊரான தலைச்சோலைக்கு ரோடு பிரிகிற இடத்தில் அவளுடைய அண்ணன் மாதேஷ் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். செல்வராஜின் எஸ்டேட்டில் அவன் ரைட்டர். ஆள் கணக்கும் எடை கணக்கும் எழுதுகிறவன். எடுப்பு நேரத்தில், பட்டப்பகலில், அவன் ரோட்டில் நிற்கிறான் என்றால் செல்வராஜிடமிருந்து போன் வந்திருக்கிறது என்று அர்த்தம்.

“மெரட்டுனாரா?” என்று ஸ்கூட்டரின் வேகத்தை மட்டும் குறைத்துக் கேட்டாள்.

“உன்ற தங்கச்சிகிட்டக் கொஞ்சம் பேசுன்னாரு. அவ்ளோதான். மெரட்டியிருந்தாக்கூடத் தேவலைன்னு இருக்குது.”

அவள் நிற்கவில்லை. அவனும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு பக்கத்திலேயே வந்தான். வளைவுக்கு வளைவு சத்தம் போட்டுப் பேசிக்கொண்டே வந்தான். அவன் மனைவி கீர்த்திகா ஏழு மாதம். தாய்வீட்டில் இருக்கிறாள். பிரசவம் பார்க்க எஸ்டேட் அட்வான்ஸைத்தான் நம்பியிருக்கிறான். இதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்ததையே மறுபடி சொல்ல வைக்கிறாளே என்று அவனுக்குக் கோபம்.

“நீ ஒருத்தி படிச்சாலும் படிச்ச,” என்றான் கடைசி வளைவில், “ஊட்ல இருக்கற எல்லாரும் பரீட்சை எழுத வேண்டியிருக்குது.”

வேறு நாளாக இருந்திருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

வீட்டுக்கு முன்னால் களத்தில் காப்பி காய்ந்துகொண்டிருந்தது. அப்பா சின்னன், பலகையால் அதைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். ஆதார்படி அறுபத்து மூன்று வயது. அந்த மலையில் அவர் வயது ஆண்கள் முக்கால்வாசிப் பேர் ஆதார்படி ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். ரத்தம் எடுத்த முகாமில் வயது எழுதிய நர்ஸம்மா, உங்க மலையில மத்த நாளெல்லாம் ஆம்பளப் புள்ளையே பொறக்காதா என்று கேட்டு எல்லாரையும் சிரிக்கவைத்தார். அன்றைக்கு முதலில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தவர் சின்னன்தான்.

அம்மா ஆராயி வாசல் நிழலில் மிளகை உதிர்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனும் தங்கையும் ஒன்றாக, அதுவும் இந்த நேரத்தில் வருவதைப் பார்த்ததும் அவள் கை நின்றது. இந்த ஒரு வாரத்தில் வெண்ணிலா மூன்று முறை, அப்பாவுக்கு ஒன்றுக்குப் போவதில் தொந்தரவு ஏதாவது இருக்கிறதா என்று அவளிடம் கேட்டிருந்தாள். மூன்று முறையும் ஆராயி, பொட்டப் புள்ள அப்பனப் பத்திக் கேக்கற கேள்வியா இது என்று எழுந்து போய்விட்டாள்.

இன்று வெண்ணிலா நேராகக் களத்துக்கே போனாள்.

“அப்பா, மார்ச்சுல ரத்தம் குடுத்தீங்களே.”

“ஆமா. அதுக்கென்ன?” சின்னன் பலகையை நிறுத்தவில்லை. “சாம்பிள் போயிப் பத்து மாசமாச்சு. சேதி ஒண்ணும் வரல. சரக்கு பாஸ்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார்.

 மலையில் காப்பி விற்கிற முறை அது. காய்ந்ததும் ஒரு படி அள்ளி மஞ்சள் பையில் கட்டி டவுன் மண்டிக்கு அனுப்புவார்கள். ஈரம் இருந்தாலோ பூச்சி விழுந்திருந்தாலோ மண்டிக்காரர் பஸ் கண்டக்டரிடம் சேதி சொல்லி அனுப்புவார். சேதி வரவில்லை என்றால் சரக்கு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மூன்றாம் நாள் மூட்டையை ஏற்ற வேண்டியதுதான். எழுத்தும் கிடையாது, ரசீதும் கிடையாது. ஆனால் அதில் யாரும் இதுவரை ஏமாந்ததில்லை.

முகாம் நடந்த நாளிலும் இதே பேச்சுத்தான். சாம்பிள் எடுத்துட்டாங்கடா, உன் சரக்கு தேறுமான்னு பாக்கலாம் என்று ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டுதான் கையை நீட்டினார்கள். அவர்கள் என்ன நினைத்துக்கொண்டு கொடுக்கிறார்கள் என்று அங்கிருந்தவர்களில் ஒருத்திக்கு மட்டும்தான் விளங்கியது. நர்ஸம்மாவும் மேற்பார்வையாளரும் கீழிருந்து வந்தவர்கள். அவளோ காப்பிக் களத்தில் வளர்ந்தவள். விளங்கியும் அவள் மறுத்துச் சொல்லவில்லை. அன்றைக்கு எண்பது பேராவது வேண்டும் என்றார்கள். அப்போது நாற்பதுதான் சேர்ந்திருந்தது. அவளும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தாள்.

“சேதி வராதுப்பா,” என்றாள். “நல்லா இருந்தாலும் வராது. கெட்டுப் போயிருந்தாலும் வராது. அப்படித்தான் எழுதி உங்ககிட்டக் கையெழுத்து வாங்கியிருக்குது.”

பலகை நின்றது.

“யாரு வாங்குனது?”

“நான்தான்.”

“அப்பவே தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

சின்னன் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாள். அவர் களத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிளறாமல் விட்ட காப்பி ஒரு பக்கம் கறுத்தும் மறுபக்கம் சிவந்தும் கிடந்தது. மாதேஷ் வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பதினோரு எண்களைப் பற்றிச் சொன்னாள். அளவு ஏறியிருந்தாலே புற்று என்று அர்த்தமில்லை, ஆனால் பார்க்காமல் விடக்கூடாது என்பதைச் சொன்னாள். ஊரில் யாரும் வாயால் சொல்லாத வியாதியின் பெயரை, அப்பாவின் முகத்துக்கு நேராக, பாடம் ஒப்பிப்பதுபோல இரண்டு முறை சொன்னாள். கடைசியாகச் செல்வராஜ் சொன்னதையும் சொல்லி, பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். வருகிற வழியில் டீக்கடை மேசையில் வைத்து எழுதியது. கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள்.

சின்னன் தாளை வாங்கினார். எழுத்துக் கூட்டிப் படிக்க அவருக்கு நேரமாகும். முழுதும் படித்தார்.

“எனக்கு மட்டுமா?”

“ஆமாப்பா.”

“ஊருக்கு முன்னால மொதல்ல கைய நீட்டுனவன் நானு. எம்பொண்ணு சொல்லுது, பயப்படாம நீட்டுங்கடான்னு சொன்னவனும் நானு. இப்ப மறைவாப் போயி எனக்கு மட்டும் கேட்டுக்கிட்டு வர்றதா? நாளைக்கு அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

மாதேஷ் இதற்காகவே காத்திருந்ததுபோல வண்டியிலிருந்து இறங்கினான். அப்பா சொல்வதுதான் சரி, கேட்கக் கூடாததைக் கேட்டாயிற்று, அவரும் மாட்டேன் என்று சொல்லியாயிற்று, இத்தோடு விடு என்றான்.

வெண்ணிலா அப்பாவையே பார்த்தாள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த நியாயம் அவருக்குக் கொஞ்சம் அதிகச் சௌகரியமாக இருந்தது. அதையும் அவள் கவனித்தாள்.

“பாதி மானம்ப்பா இது. மீதிப் பாதி பயம்.”

“ஏ புள்ள, யாருகிட்டப் பேசறேன்னு தெரியுதா?” மாதேஷ் ஒரு அடி முன்னால் வந்தான்.

“இருடா.”

சொன்னது ஆராயி. எழுந்திருக்கவில்லை. முறத்தில் கிடந்த மிளகைப் பார்த்துக்கொண்டே, புருசனோடுதான் பேசினாள்.

“ஏனுங்க, ஐப்பசியில இருந்து உங்க வேட்டிய நீங்களே தொவைச்சுக்கறீங்க. நாப்பது வருசத்துல ஒரு துண்டு அலசுனவரில்ல நீங்க. நான் என்னன்னு ஒரு வார்த்தை கேக்கல. கேக்கறதுக்கு எனக்குத் தைரியம் இல்ல. அது கேக்குது, கேக்கட்டும் உடுங்க.”

 மாதேஷ் அம்மாவைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். இரண்டு பேரும் அவனைப் பார்க்கவில்லை. சின்னன் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கையெழுத்துப் போடவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. வெயில் இருக்கும்போதே கிளறி முடிக்கணும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் பலகையை எடுத்துக்கொண்டு களத்தின் அந்தக் கோடிக்குப் போனார்.

வெண்ணிலா உள்ளே போய்க் கதவோரமாகத் தரையில் உட்கார்ந்தாள்.

எனக்கு மட்டுமா. அந்தக் கேள்வி அவளை விடவில்லை. அப்பா பயத்தில் கேட்டாரோ மானத்தில் கேட்டாரோ, கேள்வி சரியான கேள்வி. மாடிப்படியில் இறங்கியபோது, அப்பாவின் எண் கிடைத்தால் போதும் என்று அவளுக்கு நிம்மதியாக இருந்ததே, அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது முகம் சுட்டது. மீதி நூற்று எண்பத்தைந்து பேரும் அவள் முகத்தைப் பார்த்துத்தான் கையை நீட்டினார்கள். மேலே ஓட்டல் மாடியில் இருக்கிற யாரையும் அவர்களுக்குத் தெரியாது.

ஆராய்ச்சி வேண்டாம் என்று அவளால் நினைக்க முடியவில்லை. செல்வராஜின் அண்ணனைப்போல இன்னொருவர் வீணாக அறுபடக் கூடாது என்றால் யாராவது ரத்தம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். உண்டியலில் காசு போட்ட சுற்றுலாக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை குளிரில் நடக்கப்போகிற காலேஜ் பிள்ளைகள், யாரும் தப்பு செய்யவில்லை. கொடுத்தவர்களுக்குத் தாங்கள் எதைக் கொடுத்தோம் என்று தெரியவில்லை, அவ்வளவுதான் குறை. அதைச் சொல்ல வேண்டியது அவள் வேலை. சம்பளம் வாங்கிக்கொண்டு அந்த ஒன்றை மட்டும் செய்யாமல் விட்டிருக்கிறாள். சொன்னால் அடுத்த வருடம் ஊர் கையை நீட்டாமல் போகலாம். நீட்டவும் செய்யலாம். அதை அவளோ கமிட்டியோ முன்கூட்டித் தீர்மானிக்க முடியாது.

பழைய நோட்டை எடுத்துப் பக்கங்களைக் கிழித்தாள். ஒவ்வொன்றிலும் ஒரே வாக்கியம்: ‘நான் கொடுத்த ரத்தத்தின் பரிசோதனை முடிவு என்ன என்று எனக்குத் தெரிய வேண்டும்.’ கீழே பெயருக்கும் கையெழுத்துக்கும் இடம். எழுத எழுத விரல் வலித்தது. இருபத்து மூன்றோடு நிறுத்தினாள். செம்மநத்தத்தில் ரத்தம் கொடுத்தவர்கள் இருபத்து மூன்று பேர்.

அதற்குப் பிறகு போனை எடுத்து செல்வராஜுக்கு ஒரு மெசேஜ் அடித்தாள். ‘சார், நாளையிலிருந்து நான் வேலைக்கு வரவில்லை. ஏழாவது பத்தியை எல்லோருக்கும் படித்துக் காட்டப் போகிறேன். உங்களுக்குத் தெரியாமல் செய்யக் கூடாது என்பதால் சொல்கிறேன். இதில் என் அண்ணனுக்குச் சம்பந்தம் இல்லை.’ கடைசி வரியை இரண்டு முறை அழித்து இரண்டு முறை எழுதினாள். அந்த வரியால் அண்ணன் தப்பிப்பானா மாட்டானா என்று அவளுக்கே தெரியவில்லை. அனுப்பினாள். உடனே நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

மாதேஷ் வாசற்படியில் வந்து நின்றான். களத்தில் இருந்த கோபம் இப்போது அவன் முகத்தில் இல்லை.

“வேட்டி விசயம் எனக்குத் தெரியாது வெண்ணிலா.”

“எனக்கும் இப்பத்தான் தெரியும்ண்ணா.”

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறு. நடை முடியட்டும். நானே சார்கிட்டப் பேசறேன். நாலு நாளுதான. பத்து மாசம் போச்சு, நாலு நாள்ல என்ன ஆயிரும்?”

அவன் கெஞ்சுகிறான் என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது. சின்ன வயதிலிருந்து அவளை மிரட்டித்தான் பழக்கம். கீர்த்திகாவின் முகம் நினைவில் வந்துபோனது. நாலு நாள் பொறுக்கலாம். ஞாயிறு முடிந்ததும் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். அவர்கள் போகட்டும் என்பார்கள். அப்புறம் எடுப்பு முடியட்டும், அப்புறம் கீர்த்திகாவுக்குக் குழந்தை பிறக்கட்டும். ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருக்கும். இந்தப் பத்து மாதமும் அப்படித்தான் போனது.

“மெசேஜ் அனுப்பிட்டேன்,” என்றாள்.

மாதேஷ் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். சட்டைப் பையில் அவன் போன் அடிக்க ஆரம்பித்தது. வெளியே எடுத்தான், செல்வராஜின் பேர். எடுக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. கையில் பிடித்தபடி இருந்தான்.

வெண்ணிலா தாள்களைப் பையில் திணித்துக்கொண்டு அவனைத் தாண்டி வெளியே வந்தாள். அம்மா, சாப்டுட்டுப் போ கண்ணு என்றாள். வந்து சாப்பிடறேன் என்றாள். ஸ்கூட்டர் களத்தின் ஓரத்தில், அப்பா கிளறிக்கொண்டிருந்த பக்கமாக நின்றது. அவரிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டதற்கே பதில் அவர் சட்டைப் பையில் மடித்துக் கிடக்கிறது. அவள் போகிற வழி எது என்று தாள்களின் கனத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

“எந்தூருக்கு?” என்றார் சின்னன். முகம் நிமிரவில்லை.

“செம்மநத்தம்.”

“அங்க மொதல்ல குழந்தைவேலு ஊட்டுக்குப் போ.”

குழந்தைவேல் அப்பாவோடு ஒன்றாகக் கூலிக்குப் போய் வளர்ந்தவர். முகாமுக்கு அப்பா இழுத்துக்கொண்டு வந்த ஆட்களில் ஒருவர்.

“ஏம்ப்பா?”

சின்னன் பலகையை ஒருமுறை இழுத்தார். இன்னொரு முறை இழுத்தார்.

“எனக்கு ஒண்ணுக்குல ரத்தம் போவ ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே அவனுக்கு ஆரம்பிச்சிருச்சு சாமி.”

வாசலில் மிளகு உதிரும் சத்தம் நின்றது. மாதேஷின் போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது.

அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் உட்கார்ந்துவிடுவாள். செம்மநத்தம் ரோடு குறுகல், எதிரே ஜீப் வந்தால் ஒதுங்க இடமிருக்காது, வெளிச்சம் இருக்கும்போதே இருபத்து மூன்று வீடு ஏறி இறங்க வேண்டும். சாவியைத் திருகினாள். வண்டி இரண்டாவது உதையில் கிளம்பியது. களத்தைச் சுற்றிக்கொண்டு ரோட்டில் ஏறினாள்.